காதுக்காரர் தேடிய சத்தம்

எந்த லிஃப்டில் ஏறினாலும் அவர் முதலில் பொத்தானைத் தொடமாட்டார். வலது கை விரல்களை மடக்கி, புறங்கையைச் சுவர்த் தகட்டில் மெல்ல வைப்பார். ஜுரம் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருக்கும். கதவு மூடி, கூண்டு ஒருமுறை குலுங்கி, முதல் மாடியைத் தாண்டும்வரை கை அங்கேயே இருக்கும். உள்ளங்கையை வைக்கமாட்டார். "அது காய்ச்சுப்போன தோலு, பொய் சொல்லும். புறங்கைக்கு அந்த வித்தை தெரியாது" என்பார். கூட ஏறியவர்கள் மனிதருக்குத் தலைசுற்றுகிறதோ என்று பார்ப்பார்கள். ஒரு தடவை ஓர் அம்மாள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டியே விட்டார். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு இவரும் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, நன்றி சொல்லி, தன் மாடி வருவதற்கு முன்பே இறங்கிவிட்டார்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவருக்கு முப்பது வருஷ சர்வீஸ். அங்கே பெயர் காதுக்காரர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருப்பார். கூண்டின் தலைமேல் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இருட்டுக் குழியில் மேலும் கீழும் போய்வருவார். இறங்கியதும் எந்த மாடிக்குப் பக்கத்தில் எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். பெரும்பாலும் சரியாக இருக்கிறவர்களுக்கு வருகிற நோய் ஒன்று உண்டு. அது அவருக்கும் கொஞ்சம் இருந்தது.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம். "சத்தம் வருது, வந்து பாருங்க" என்று கட்டடக்காரர் கூப்பிட்டால், போய் நின்றதும் சொல்லவேண்டிய முதல் வார்த்தை: "எங்க பக்கம் இல்லே." சுவர் சரியில்லை, கதவுச் சட்டம் சரியில்லை, கரண்ட் ஏறி இறங்குகிறது. இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் ஸ்பேனரை வெளியே எடுப்பது. யாரும் இதைக் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கதவைத் திறந்தால் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, அது பாட்டுக்கு வந்துவிடும்.

வீடு நான்காவது மாடியில் இரண்டு அறை. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். மூட்டு வலியோடு படியேறி வந்து மூச்சு வாங்கும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான். "ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் தூக்கிவிடறாரு. கட்டினவளை மட்டும் நடக்க விட்டுட்டாரு." வந்தவர்கள் சிரித்தால் இன்னொன்றும் சேர்த்துக்கொள்வாள். "எங்க வீட்ல பங்கு பிரிச்சாச்சு. அவருக்குக் காது, எனக்குக் கண்ணு. வாய் மட்டும் ரெண்டு பேருக்கும் சேர்த்து எனக்கே குடுத்துட்டாங்க."

வேன் ஆசை எப்போது வந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. "மேலயும் கீழயும் போயே காலம் போச்சு. கொஞ்சம் நேரா போய்ப் பார்க்கணும்" என்று மட்டும் சொல்வார். ரொட்டிக் கம்பெனி ஒன்று கழித்துக்கட்டிய வேன் கிடைத்தது. முதல் கோடை முழுக்க உள்ளே ரொட்டி வாசனைதான். அதைப் படுக்கை, அடுப்பு, அலமாரியோடு ஒரு சின்ன வீடாக்கிக் கொடுத்தது அவர் மனைவியின் தம்பி.

மச்சினன் நாற்காலித் தொழிற்சாலையில் தச்சு வேலை பார்த்தான். வருஷம் பூரா ஒரே நாற்காலியின் ஒரே பின்னங்காலைச் செய்கிற வேலை. "மாமா, நான் செஞ்ச காலை வரிசையா நிறுத்துனா கடல் வரைக்கும் போகும். ஆனா ஒரு நாற்காலி முழுசா செஞ்சேனான்னு கேட்டா இல்லே" என்பான். விடுமுறை நாட்களில் வேனுக்குள் புகுந்துகொண்டான். வேனின் சுவர் எங்கே வளைகிறதோ அங்கே பலகையும் வளைந்தது. கட்டிலைத் தூக்கினால் மேஜை, மேஜையை மடக்கினால் அடுப்பு மேடை. பின்பக்கத்தில் தரையிலிருந்து கூரைவரை உயரமான ஓர் அலமாரி. அதன் கதவு மூடும்போது காற்று 'ஹப்' என்று வெளியேறும். அந்த ஒலியைக் கேட்பதற்காகவே அவன் அக்கா அதை நாலு தடவை திறந்து மூடினாள். ஒயர் வேலை மட்டும் காதுக்காரர் கையால் செய்தது.

முதல் பயணம் கடற்கரை ஊருக்கு என்று முடிவானதற்குக் காரணம் இருந்தது. அங்கே ஓர் அம்மாள் இந்த மாதிரி வேன்களைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறாள். புதிதாக ஆறு வெற்று வேன் வாங்கி நிறுத்தியிருந்தாள், உள்ளே வேலை செய்ய ஆள் தேடிக்கொண்டிருந்தாள். மச்சினன் படம் அனுப்பினான். "படத்துல எல்லாம் அழகாத்தான் இருக்கும் தம்பி. வண்டியைக் கொண்டு வாங்க, ஓட்டிப் பார்க்கிறேன்" என்று பதில் வந்தது.

"ஆறு வேன் மாமா. கிடைச்சா ஃபேக்டரியை விட்டுட்டு சொந்தமா பட்டறை போட்டுருவேன்" என்றான் மச்சினன். முப்பத்தைந்து வயதுக்காரன், அதைச் சொல்லும்போது பரீட்சை எழுதப் போகிறவன் மாதிரி சட்டைக் கைகளை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டான்.

"என் வண்டியே உன் விளம்பரம்டா மச்சான்" என்றார் காதுக்காரர். "அந்தம்மா என்ன கேட்டாலும் என்னைக் கேட்கச் சொல்லு. என் நம்பரைக் குடு."

அவன் கொடுத்தான்.

சத்தம் முதல் நாள் மதியம் வந்தது. சமவெளி முடிந்து ரோடு மலைமேல் ஏறத் தொடங்கியிருந்தது. இடதுபக்கம் ஒரு நீண்ட வளைவு. வளைவின் நடுவில் பின்பக்கத்திலிருந்து 'டொக்' என்று ஒன்று. கொஞ்சம் பொறுத்து, சின்னதாக இன்னொரு 'டொக்'. யாரோ அனுமதி கேட்டுக் கதவைத் தட்டிவிட்டு, தப்பான வீடு என்று தெரிந்து போய்விட்ட மாதிரி.

"உன் கெட்டில்" என்றார் மனைவியிடம்.

"என் கெட்டில் துண்டு சுத்தித் தூங்குது. உங்க ஸ்பேனர் பெட்டியா இருக்கும்."

"ஸ்பேனர் பெட்டி என் காலடியில இருக்கு."

"அப்ப உங்க காலா இருக்கும்."

மச்சினன் பின்னாலிருந்து சிரித்தான். அடுத்த இடது வளைவில் மறுபடி வந்தபோது அவன் சிரிக்கவில்லை.

ஓரமாக நிறுத்தினார்கள். மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் நின்று வேனைத் தள்ளி ஆட்டிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. நேர் ரோட்டில் ஒன்றுமில்லை. வலது வளைவில் ஒன்றுமில்லை. இடது வளைவில், அதுவும் நீளமான வளைவில் மட்டும் வந்தது. தட்டுகளுக்கு நடுவே துணி வைத்தாயிற்று. அரிசி டப்பா, கரண்டிகள், மடக்கு நாற்காலி எல்லாம் கட்டிலுக்கு மாறின. கடைசியில் மனைவி தன் வளையல்களைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள். "இப்ப வந்தா நான் இல்லே, சொல்லிட்டேன்" என்றாள். வந்தது.

கார்கள் நிற்கும் புல்வெளி ஒன்று ஏரிக்கரையில் இருந்தது. வெயில் சாய்வதற்குள் அங்கே போய்ச் சேர்ந்து, வேனில் இருந்த அத்தனை சாமானையும் புல்லில் பரப்பினார்கள். பக்கத்து வண்டிக்காரர் நடந்து வந்து விலை கேட்டார். விற்பனை என்று நினைத்துவிட்டார். "மனுஷங்களும் விற்பனைக்குத்தான். இவரை எடுத்துக்குங்க, கெட்டில் இலவசம்" என்றாள் மனைவி.

காலி வேனில் ஏறி, அதே மலைச்சரிவுக்குத் திரும்பிப் போய், அதே வளைவில் ஓட்டிப் பார்த்தார்கள். சத்தம் முன்னைவிடத் தெளிவாக வந்தது. ஒளிந்துகொள்ளச் சாமான் எதுவும் இல்லாததால் வெட்கத்தை விட்டுவிட்டது.

அப்போதுதான் காதுக்காரர் சொன்னார். ஏரிக்கரைக்குத் திரும்பி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கட்டடக்காரர் முன்னால் நிற்கிற அதே நிலையில் நின்று சொன்னார்.

"மரம்தான். அலமாரி."

மச்சினன் அலமாரிக் கதவைத் திறந்து மூடினான். 'ஹப்.' "கதவு ஆடலையே மாமா."

"நின்னா ஆடாது. ஓடும்போது வண்டி உடம்பு முறுக்கும்ல? கீல் எங்கயோ பத்தலை. மரத்துக்கு வாய் முளைச்சிருச்சுடா மச்சான், உன்கிட்ட ஏதோ சொல்லுது."

அவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கீல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். இழைப்புளியால் கதவின் ஓரத்தை ஒரு மயிரிழை சீவினான். தட்டுகளை உருவினான். அவன் செய்த வேலையை அவனே அவிழ்ப்பதை அக்கா புல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். 

"பின்பலகையையும் எடுத்துப் பார்க்கட்டா மாமா?"

"அதைத் தொடாதே. அதுக்குப் பின்னாடி என் ஒயர் மட்டும்தான் இருக்கு. அந்தப் பக்கம் இல்லே."

அந்தப் பக்கம் இல்லே. எவ்வளவு இயல்பாக வந்தது என்பதை அவர் பிறகு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறார்.

மச்சினன் கை கழுவ ஏரிப் பக்கம் போயிருந்தபோது போன் அடித்தது. கடற்கரை ஊர் வேன்காரம்மா. நாளைக்கு எத்தனை மணிக்கு வருவார்கள் என்று விசாரித்துவிட்டு, குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டாள்.

"நீங்கதானே வண்டி சொந்தக்காரர்? உங்ககிட்ட நேராவே கேட்டுடறேன் சார். வேலை எப்படி?"

"வேலை சுத்தம்மா. கை நல்ல கை."

"குறைன்னு ஏதாவது?"

அவர் நேர்மையான ஆள் என்று பெயர் எடுத்தவர். உறவுக்காரன் என்பதற்காக மறைத்தார் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக்கூடாது. "ஒரு சத்தம் வருது. அலமாரி மரத்துல இருந்து. மலைப்பாதையில மட்டும்தான். சரி பண்ணிடுவான்."

"ஓ" என்றாள் அந்தம்மா. "சத்தமா."

போனை வைத்தபோது அவருக்குத் தன்மேல் மரியாதைகூட வந்தது. உறவென்றும் பார்க்காமல் உண்மையைச் சொல்லிவிட்டார் அல்லவா. மச்சினன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தான். "யாரு மாமா?" என்று கேட்டான். "அந்தம்மாதான். நாளைக்கு எப்ப வருவீங்கன்னு" என்றார்.

மறுநாள் காலை மனைவி ஓட்டினாள், தம்பி பக்கத்தில் உட்கார்ந்தான். காதுக்காரர் பின்னால் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார். கூண்டின் தலைமேல் உட்கார்ந்து போகிற அதே முறை. அலமாரிக்குள் கையை விட்டு, புறங்கையைப் பின்பலகையில் வைத்து, கண்ணை மூடினார்.

இடது வளைவு வந்தது. சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே கைக்கு வந்தது.

மரம் தேய்ந்தால் நீளமாக முனகும். இது முனகவில்லை. ஓர் அடி, ஓர் இடைவெளி, திரும்பி வந்து இன்னொரு சின்ன அடி. ஏதோ ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறது. ஊசலாடி வந்து பலகையில் முட்டுகிறது, திரும்பிப் போகிறது, மறுபடி முட்டுகிறது. காற்று பலமாக அடிக்கிற நாட்களில் உயரமான கட்டடங்களின் குழிக்குள் கூண்டோடு கூடப் போகிற கேபிள் சுவரில் முட்டுமே, அதே சத்தம். முப்பது வருஷமாகக் கேட்ட சத்தம். கட்டிய மனைவியின் குரலை யாருடையதோ என்று நினைத்த மாதிரி ஆகிவிட்டது.

தரையில் படுத்தபடியே அவருக்கு முகம் சூடாகியது. யாரும் பார்க்கவில்லை. இருந்தும் கையை மெதுவாக அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

வழியில் ஒரு சின்ன ஊரில் நிறுத்தினார்கள். மனைவி ரொட்டி வாங்கப் போனாள். மச்சினன் இரும்புக்கடையைத் தேடிப் போனான். கீலுக்கு அடியில் வைக்க ஃபெல்ட் துணி வேண்டுமாம். இருவரும் தெருமுனை திரும்பியதும் காதுக்காரர் பின்பலகையின் ஸ்க்ரூக்களை அவிழ்த்தார். கடைசி ஸ்க்ரூ கையிலிருந்து நழுவி இருக்கைக்கு அடியில் உருண்டது. திருடப் போனவன் மாதிரி அதைத் தேடி எடுத்தார்.

பலகைக்குப் பின்னால், கூரையிலிருந்து பாட்டரிக்கு இறங்குகிற ஒயர் வளையமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கும் கிளிப் அடித்திருக்கவில்லை. லிஃப்டில் கேபிள் அப்படித்தான் தொங்கவேண்டும். கூண்டு போகிற இடத்துக்கெல்லாம் அதுவும் போகவேண்டும், இழுத்துக் கட்டினால் அறுந்துபோகும். முப்பது வருஷம் கேபிளைத் தொங்கவிட்ட கை வேனிலும் தொங்கவிட்டிருந்தது. அது மட்டுமில்லை. வளையத்தின் அடியில், மஞ்சள் டேப் சுற்றி, ஒரு கனமான நட்டு. புதுக் கேபிளுக்கு முறுக்கு போவதற்காக லிஃப்ட்காரர்கள் அடியில் ஒரு கனத்தைக் கட்டி ஒரு நாள் விடுவார்கள். அவரும் கட்டியிருந்தார். மறுநாள் அவிழ்க்கலாம் என்று.

அந்த மறுநாள் அவருக்கு இப்போது துல்லியமாக நினைவு வந்தது. யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று போனில் பேசிக்கொண்டிருந்தார். மச்சினன் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மாமா, மூடிறலாமா?" என்று கேட்டான். போனைக் காதிலிருந்து எடுக்காமலே, மூடு மூடு என்று கையை ஆட்டினார்.

டேப்பை அறுத்து நட்டைச் சட்டைப்பையில் போட்டார். ஒயரை நாலு இடத்தில் கிளிப் போட்டு இறுக்கினார். பலகையை மாட்டினார். வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. இத்தனை சின்ன வேலைக்கா நேற்றுச் சாயங்காலம் பூரா அவனைப் புல்தரையில் மண்டிபோட வைத்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். வந்ததும் சொல்லிவிடலாம். சிரித்துக்கொண்டே, "மச்சான், உன் மாமா ஒரு மடையன்டா" என்று ஆரம்பித்தால் போதும், மீதியை மனைவி பார்த்துக்கொள்வாள். வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை ஆகிவிடும். வாக்கியத்தைக்கூட மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்.

மச்சினன் ஓட்டமும் நடையுமாக வந்தான். கையில் பச்சை நிற ஃபெல்ட், இன்னொரு கையில் பசை. "கிடைச்சிருச்சு மாமா, நல்ல கனமான துணி." ஏறி மண்டிபோட்டு உட்கார்ந்தவன், கீலுக்குக் கீழே வைக்கத் துணியைச் சின்னச் சின்னதாக வெட்டத் தொடங்கினான். நாக்கு நுனி வெளியே வந்திருந்தது. அவ்வளவு கவனம். அந்த நேரத்தில் சொல்ல வாய் வரவில்லை. முடித்துவிடட்டும் என்று நினைத்தார். முடித்ததும் வண்டி கிளம்பியது. வண்டி கிளம்பியதும் வளைவு வந்தது. இடது பக்கம், நீளமாக.

ஒரு சத்தமும் இல்லை.

அடுத்த வளைவிலும் இல்லை. அதற்கடுத்ததில் மச்சினன் இருக்கையில் முழங்காலிட்டுத் திரும்பி, அலமாரியைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டான்.

"கீல்தான் மாமா! என் தப்புதான். நீங்க நேத்தே சொன்னீங்க, எனக்குத்தான் ரோஷம், ஒத்துக்க மனசு வரலை."

"அதெல்லாம் ஒண்ணுமில்லேடா" என்றார். உண்மைதான் அது. ஆனால் எந்த அர்த்தத்தில் உண்மை என்பது அவருக்கு மட்டும் தெரிந்தது.

"அந்தம்மா முன்னாடி இது தட்டியிருந்தா என் மானம் போயிருக்கும். உங்க காது இல்லேன்னா நான் இல்லே மாமா."

மனைவி கண்ணாடியில் கணவனை ஒருமுறை பார்த்தாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், முகத்தைப் பார்த்தே பவர் சொல்லக்கூடியவள். "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றாள். "தரையில படுத்தது, முதுகு" என்றார்.

கடற்கரை ஊரில் அந்தம்மா தன் கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். பின்னால் ஆறு வெள்ளை வேன்கள், உள்ளே ஒன்றுமில்லாமல், பல் விழுந்த வாய்கள் மாதிரி பின்கதவு திறந்து நின்றன. அவள் எல்லாவற்றையும் ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தாள். இழுப்பறையை ஒற்றை விரலால் இழுத்தாள், ஒற்றை விரலால் தள்ளினாள். கட்டில் மேஜையாகிறதைப் பார்த்து, "அட" என்றாள். மச்சினன் காது நுனி சிவந்தது. பிறகு அவளே சக்கரத்தைப் பிடித்து, கலங்கரை விளக்கத்துக்கு ஏறுகிற சுற்றுப்பாதையில் ஓட்டினாள். வளைவுக்கு மேல் வளைவு. வேன் வாயைத் திறக்கவில்லை.

இறங்கியதும் அவள் மச்சினனைப் பார்த்தாள். "ஏதோ சத்தம் வருதுன்னு கேள்விப்பட்டேனே தம்பி?"

மச்சினன் திரும்பி மாமாவைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வை. அதில் கோபம் இல்லை, சின்னதாக ஆச்சரியம் மட்டும் இருந்தது. பிறகு நிமிர்ந்து சொன்னான். "ஆமாம்மா, வந்துச்சு. அலமாரிக் கீலு சரியா உட்காரலை. என் வேலையில வந்த குறைதான். வழியில சரி பண்ணிட்டேன்."

காதுக்காரர் வாயைத் திறந்தார். திறந்த வாயில் கடல்காற்று புகுந்தது. அவ்வளவுதான் நடந்தது.

"மறைக்காம சொன்னீங்க, சந்தோஷம்" என்றாள் அந்தம்மா. "ஆனா என் பாட்டைக் கொஞ்சம் யோசிங்க. வாடகைக்கு எடுக்கிறவன் மலைமேல போய் ஒரு டொக்கு கேட்டா எனக்குத்தான் போன் பண்ணுவான். ஒரு வண்டிக்கே வழியில கழட்டி மாட்ட வேண்டியிருந்தா, ஆறு வண்டிக்கு நான் எங்கே போறது? இன்னொரு தச்சரும் கேட்டிருக்காரு. பார்த்துட்டுச் சொல்றேன்."

'பார்த்துட்டுச் சொல்றேன்' என்றால் என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். மச்சினன் தலையாட்டி, நன்றி சொல்லி, கடலைப் பார்க்கப் போவதுபோல அக்காவோடு நடந்து போனான்.

காதுக்காரர் கொட்டகைக்குள் ஓடினார். முப்பது வருஷத்தில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கப் போகும்போதுகூட அவர் ஓடியதில்லை.

"அம்மா, ஒரு நிமிஷம். அது அவன் தப்பு இல்லே. கீலு இல்லே. நான்தான். என் ஒயர் தொங்கிட்டு இருந்துச்சு, அடியில நான் கட்டின நட்டு. இதோ." சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். மஞ்சள் டேப் துணுக்கு இன்னும் ஒட்டியிருந்தது. "காலையிலதான் பார்த்தேன். அவனுக்கே தெரியாது."

அந்தம்மா நட்டை ஒற்றை விரலால் புரட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"அவரு உங்க மனைவியோட தம்பிதானே?"

"ஆமாம்மா."

"நேத்து நான் கேட்கும்போது மரம்னு சொன்னீங்க. இப்ப அவரே என் கீலுதான்னு என் கண்ணைப் பார்த்துச் சொல்லிட்டுப் போறாரு. நீங்க வந்து உங்க நட்டுங்கிறீங்க." நட்டை அவர் உள்ளங்கையில் திருப்பி வைத்தாள். "நல்ல மனசு சார் உங்களுக்கு. நான் உங்க இடத்துல இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனா நட்டு எல்லா வண்டியிலயும் கிடைக்கும்."

"நம்புங்கம்மா. வேணும்னா திரும்பக் கட்டிக் காட்டறேன், ஓட்டிப் பாருங்க."

"விடுங்க சார். வேணும்னு கட்டினா எதுதான் சத்தம் போடாது?"

நட்டைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நேற்று ஏரிக்கரையில் அவர் பொய் சொல்லவில்லை, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னார். அதை அவள் அப்படியே நம்பினாள். இப்போது தெரிந்ததைச் சொல்கிறார், அவர் மனசு நல்ல மனசு என்கிறாள்.

திரும்பும் வழியெல்லாம் மச்சினன் கலகலப்பாகத்தான் வந்தான். நடுவில் ஒரு தடவை மட்டும், "போன்ல கேட்டாங்களா மாமா, சத்தத்தைப் பத்தி?" என்றான். "கேட்டாங்கடா" என்றார். "மறைக்க முடியாதுல்ல" என்று அவனே பதிலும் சொல்லிக்கொண்டு, வெளியே பார்க்க ஆரம்பித்தான். மலை இறங்கும்வரை ஒவ்வொரு வளைவிலும் காதுக்காரர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தட்டினால்கூட நன்றாக இருக்கும் என்று தோன்றியது. தட்டவில்லை.

அந்த வாரமே அந்தம்மாவிடமிருந்து செய்தி வந்துவிட்டது. வேலை இன்னொரு தச்சருக்கு. அது தெரிந்த மறுநாள் காலை, வேலைக்குப் போகாமல், காதுக்காரர் மச்சினன் குடியிருந்த அறைக்குப் போனார். தரைத்தளம்தான். ஆனாலும் பத்து மாடி ஏறினவர் மாதிரி மூச்சு வாங்கியது. அவன் சட்டையில்லாமல் அடுப்பில் டீக்கு வைத்துக்கொண்டிருந்தான். ஏன் இவன் இந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறான் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. கொண்டுவந்ததை இறக்கி வைக்கிற அவசரம்.

நின்றபடியே சொன்னார். ஒயர், நட்டு, மஞ்சள் டேப், கையை ஆட்டி மூடச் சொன்னது, ரொட்டி வாங்கப் போனபோது அவிழ்த்தது, ஃபெல்ட் ஒட்டும்போது வாயை மூடிக்கொண்டிருந்தது, போனில் மரம் என்று சொன்னது, பிறகு கொட்டகைக்குள் ஓடியது, அவள் நம்பாதது. ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது டீ பொங்கி அடுப்பை அணைத்திருந்தது.

மச்சினன் அடுப்பைத் துணியால் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"அப்ப என் கீலு சரியாத்தான் இருந்துச்சு" என்றான் கடைசியில்.

"சரியாத்தான் இருந்துச்சுடா."

"சரி." துணியைப் பிழிந்து கம்பியில் போட்டான். "அக்காவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலை."

"சொல்லாதீங்க மாமா. சாகுற வரைக்கும் உங்களைப் பேசியே கொன்னுருவா. அப்புறம் எனக்குப் பாவம் ஆயிரும்." சிரித்தான். சிரிப்பு கண்வரை போகவில்லை, பாதி வழியில் நின்றுவிட்டது. "உட்காருங்க. இருக்கிற டீயைக் குடிச்சிட்டுப் போங்க."

குடித்தார். கொதித்த டீ, மிச்சமாகப் பாதி டம்ளர்தான் இருந்தது. அதை அவன் அவருக்கே கொடுத்திருக்கிறான் என்பது குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பேசிக் கொல்லவில்லை. அது கூடுதலாக வலித்தது.

மழைக்காலம் முடிந்த சமயம், நாற்காலித் தொழிற்சாலையில் சரக்கு லிஃப்ட் நின்றுவிட்டது என்று காதுக்காரரை அனுப்பினார்கள். வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அங்கிருந்த மேஸ்திரி, "உங்க மச்சினன் இப்ப எங்கே இருக்கான் சார்? கை நல்ல கை, விட்டுட்டோம்" என்றார். அந்தம்மா வேலை கைநழுவிய பிறகு ஏதோ மனக்கசப்பில் தொழிற்சாலையை விட்டிருக்கிறான் என்றுதான் குடும்பத்தில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். "எப்ப விட்டான்?" என்று பேச்சுக்குத்தான் கேட்டார்.

மேஸ்திரி யோசித்துச் சொன்னார். கடலுக்குப் போகிறோம், ஆறு வேன் வேலை இருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, பயணம் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலையே அவன் தன் உளிகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.